எடைக்கல் வீட்டுப் பெட்டி

எங்கள் வீட்டில் பொய் எடை நிற்காது. என் கணவர் ஓய்வு பெறும்வரை கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கும் அதிகாரியாக இருந்தார். ஈய வில்லையைக் கம்பியில் கோத்து இடுக்கியால் ஓர் அழுத்து அழுத்தினால், அடுத்த வருடம் அவரே வந்து அறுக்கும்வரை அந்தத் தராசில் யாரும் கை வைக்க முடியாது. முத்திரை உடைந்திருந்தால் கடைக்காரர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் தராசு ஜீப்பில் ஏறும். கடைத்தெருவில் அவர் முகத்துக்கு நேரே 'ஐயா' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'எடைக்கல்'. இரண்டையும் நான் மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன். எடைக்கல் வீட்டம்மா என்று என்னைச் சொல்லும்போது இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பேன்.

அந்த வீட்டில் பிறந்த ஒரே பெண்ணுக்கு உடம்பு ஏறிக்கொண்டே போனது.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதை இவள் அடிக்கடி மிதிப்பதால் அவளிடம் கற்றுக்கொள்பவர்கள் 'பிரேக் மேடம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மருமகனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. அவர் கடலில் இருக்கும் மாதங்களில் மகள் எங்களோடு இருப்பாள். ஒரு கட்டத்தில் காரின் பெல்ட் அவளுக்கு எட்டாமல் போனது. முதலாளி ஒரு நீட்டிப்புப் பட்டை வாங்கி மாட்டிக் கொடுத்தார். அதை அவள் இழுத்து மாட்டுவதைப் பார்த்து ஒரு கல்லூரி மாணவன் சிரித்தானாம். சிரித்தவனுக்கே அன்று பின்பக்கமாக வண்டி நிறுத்தக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தாள்.

"பசி விடவே மாட்டேங்குதும்மா. சாப்பிட்டு எழுந்திரிக்கும்போதே பசிக்குது."

"எல்லாருக்கும்தான் பசிக்குது. வாயைக் கட்டணும்" என்றேன். அந்தப் பதிலை அவளுடைய சின்ன வயதிலிருந்தே கைவசம் வைத்திருந்தேன்.

வயிற்றைச் சிறிதாக்கிக் குடலை வேறு இடத்தில் இணைக்கும் ஆபரேஷனை அவளும் மருமகனும் பேசி முடிவு செய்தார்கள். எங்களிடம் கேட்கவில்லை, சொன்னார்கள். உறவுக்காரர்களிடம் நாங்கள் 'பித்தப்பையில் கல்' என்று சொன்னோம்.

"எதுக்கும்மா பொய்? கேட்டா நானே சொல்லிக்கிறேன். எனக்கு ஒண்ணும் வெட்கமில்ல."

"உனக்கு இல்லாம இருக்கலாம். எங்களுக்கு இருக்கு" என்றேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவள் உடம்பு இறங்க ஆரம்பித்தது. முகத்தில் எலும்பு தெரிந்தது. பெல்ட் நீட்டிப்பைக் கழற்றி முதலாளியின் மேஜையில் வைத்துவிட்டு வந்தாள். அடுத்த தெருவில் இருக்கும் என் நாத்தனார், இவருடைய தங்கை, வாரம் தவறாமல் வந்து பார்த்துவிட்டுப் போவாள். வாய் நீளம், கண் அதைவிட நீளம்.

"ஏன் அண்ணி, பித்தப்பைக் கல்லுன்னுதானே சொன்னீங்க? எடுத்த கல்லு எத்தனை கிலோ இருந்துச்சு?"

"காலையில நடக்கிறா. நாங்களும் சாப்பாட்டுல கண்டிப்பா இருக்கோம்" என்றேன்.

"ஓ, நடக்கிறாளா. நானும்தான் நடக்கிறேன், உங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும். ஒண்ணையும் காணோமே."

அந்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. இந்த மாதிரி ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் மலத்தை அவ்வப்போது வாங்கிச் சோதிப்பார்கள். மகள் அதில் சேர்ந்துகொண்டாள். எதற்கு என்று சாப்பாட்டு மேஜையில் அவளே விளக்கினாள். மற்றவர்கள் வீட்டில் இதையெல்லாம் சாப்பிடும்போது பேசுவார்களா என்று எனக்குத் தெரியாது.

"குடலுக்குள்ள கோடிக்கணக்குல பாக்டீரியா குடியிருக்காம்பா. ஆபரேஷனுக்கு அப்புறம் சாப்பாடு போற வழி மாறுதில்ல? அதனால பழைய குடித்தனக்காரங்க சில பேர் காலி பண்ணிட்டுப் போக, புதுசா சில பேர் வர்றாங்க. நம்ம பசி, ருசி, மனசு இதுலயெல்லாம் அவங்களுக்கும் பங்கு இருக்கான்னு பாக்கறாங்க. இன்னும் உறுதியாத் தெரியாதாம்."

இவர் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்போ இத்தனை வருஷமாத் தின்னது நீ இல்ல, குடித்தனக்காரங்க. நல்லா இருக்கே! எடை குறைச்சு நிறுத்தவனும் இதையே சொல்லியிருப்பான். நான் தட்டை அமுக்கலைங்க ஐயா, கிருமி அமுக்கிச்சும்பான்."

மகள் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், "அது கிடக்கட்டும்பா. அங்க ஆராய்ச்சி பண்ற பொண்ணு என்கிட்ட, 'பசி எப்படி இருக்கும், எங்க ஆரம்பிக்கும்'னு கேட்டா. நான் சொன்னதை அப்படியே எழுதிக்கிட்டா. வாயைக் கட்டுன்னு சொல்லல. தினம் சாயங்காலம் போன்ல கேள்வி வருது. பசி எப்படி, இனிப்பு வேணும்போல இருந்துச்சா, மனசு எப்படின்னு. நான் என்ன சொன்னாலும் நம்புறாங்க. எனக்கு இது புதுசுப்பா" என்றாள்.

நான் தண்ணீர் ஜக்கை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். 

மாதிரி எடுக்க அவர்கள் கொடுத்தது ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி. உள்ளே ஐஸ் பை, மூடியிலேயே சின்னக் கரண்டி பொருத்திய பிளாஸ்டிக் குப்பிகள் இரண்டு. ஒன்று சிந்திவிட்டால் இன்னொன்று. இரண்டிலும் அவளுடைய எண் ஒட்டியிருந்தது. கொண்டுபோய்க் கொடுக்கும்வரை பெட்டி ஃபிரிட்ஜில் இருக்க வேண்டுமாம். நான் பாலையும் காய்களையும் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜுக்கு மாற்றினேன். எங்களுடையது ரிப்பேர் என்று சொன்னேன். அன்றைக்கென்று நாத்தனார் வந்து, ஐஸ் தண்ணீர் வேண்டுமென்று உரிமையாகக் கதவைத் திறந்துவிட்டாள்.

"என்ன அண்ணி, ஃபிரிட்ஜ் துடைச்சுவிட்ட மாதிரி இருக்கு? இந்தப் பெட்டியில என்ன, ஐஸ்கிரீமா?"

"தொடாதே!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் கையிலிருந்த டம்ளர் விழுந்தது. "மருந்து" என்றேன்.

அதெல்லாம் தொடக்கத்தில். கொஞ்ச காலம் கழித்து மகளின் எடை இறங்குவது நின்றுபோனது. பிறகு லேசாக ஏறவும் ஏறியது. எங்கள் வீட்டு எடை மெஷினை இவர் மாதம் ஒருமுறை தன்னிடம் இருக்கும் பழைய எடைக்கற்களை வைத்துச் சரிபார்ப்பார். அன்றும் பார்த்தார். ஒவ்வொரு கல்லாக ஏற்றி இறக்கிவிட்டு, "மெஷின் சரியாத்தான் இருக்கு" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

அந்த வாரம் துவைக்க எடுத்த அவளுடைய பேன்ட் பாக்கெட்டில் மிட்டாய்க் காகிதங்கள் இருந்தன. ஒன்றிரண்டு என்றால் விட்டிருப்பேன். இரண்டு பாக்கெட்டும் நிறைய, சிவப்பும் பச்சையும் மஞ்சளும். மறுநாள் பேன்ட்டிலும் இருந்தன. கொண்டுபோய் இவர் முன்னால் மேஜையில் போட்டேன். 'இனிப்பு வாசனையே பிடிக்கல' என்று தினமும் போனில் பதில் எழுதுகிற பெண்ணின் பாக்கெட்!

இவர் ஒவ்வொரு காகிதத்தையும் நகத்தால் நீவி, நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கினார். 

"கேட்டுப் பாக்கட்டுமா?" என்றேன்.

"வேண்டாம். கேட்டா பொய் சொல்லுவா. சொன்னா அதை நான் உக்காந்து கேக்கணும்."

அடுத்த மாதிரி கொடுக்க வேண்டிய நாளில் அவளிடம் பயின்றவர்களுக்கு லைசென்ஸ் தேர்வு. அதிகாலையிலேயே கிளம்பியாக வேண்டும். குப்பியைப் பையில் போட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு, "அப்பா, இதை ஆஸ்பத்திரியில குடுத்துடறீங்களா? உங்க கையில குடுத்தா எனக்குக் கவலையே இல்ல" என்றாள்.

அவள் கார் திருப்பம் தாண்டியதும் இவர் பெட்டியைத் திறந்து, இரண்டாவது குப்பியை எடுத்துக்கொண்டு பின்பக்கக் கழிவறைக்குப் போனார். வெளியே வந்தபோது நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன்.

"பிரிச்சுப் பாத்தாங்கன்னா என்ன தின்னான்னு எல்லாம் தெரிஞ்சுடும்" என்றார், நான் எதுவும் கேட்காமலே. "எடைக்கல் பொண்ணு திருட்டுத்தனமா மிட்டாய் தின்னுதுன்னு நாலு டாக்டர் பேசணுமா? என் வயிறு சுத்தம். அளந்து சாப்பிடற வயிறு."

நான் தடுத்திருக்கலாம். அது தப்பு என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் அவர் சொன்ன அந்த நாலு டாக்டர்கள் என் கண்முன்னால் வந்து நின்று பேசிக்கொண்டார்கள். "கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. மகளுடைய குப்பியை நானே செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போட்டேன்.

சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வரச் சொன்னார்கள். எடை நின்றுபோனதைப் பற்றிப் பேசத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவள் நினைத்தாள். "நீங்களும் வாங்க, அந்தப் பொண்ணை அறிமுகப்படுத்துறேன்" என்று எங்களையும் காரில் ஏற்றிக்கொண்டாள். வழியெல்லாம் அவள்தான் பேசினாள். பின்சீட்டில் நாங்கள் இருவரும் இரண்டு ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு போனோம்.

சின்ன அறை. ஒரு மேஜை, ஐந்து நாற்காலி, சுவரில் குடலின் படம். மேஜைக்குப் பின்னால் வயதான பெண் டாக்டர். பக்கத்தில் அந்த ஆராய்ச்சிப் பெண், பள்ளிக்கூடம் இப்போதுதான் முடித்தவள் மாதிரி இருந்தாள். மகளைப் பார்த்து எப்போதும் சிரிப்பாளாம், அன்று சிரிக்கவில்லை.

"உங்ககிட்ட தனியாப் பேசலாமா?" என்று டாக்டர் கேட்டார்.

"பரவாயில்ல மேடம். அப்பா அம்மாதானே."

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "கடைசியா வந்த மாதிரி உங்களோடது இல்ல. மலத்துல நம்ம உடம்போட செல்லும் கொஞ்சம் கலந்து வரும். இதுல வந்தது ஒரு ஆணோடது. ரெண்டு தடவை பாத்துட்டோம்."

பையின் வாரைப் பிடித்திருந்த மகளின் கை அப்படியே நின்றது. எங்கள் வீட்டில் ஆண் ஒருவர்தான். மருமகன் கடலில் இருக்கிறார். கணக்குப் போட அவளுக்கு ஒரு நொடிகூட ஆகியிருக்காது. ஆனால் அவள் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"திட்டறதுக்குக் கூப்பிடலம்மா" என்றார் டாக்டர். "ஆனா ஒரு மாதிரியை மாத்திக் குடுத்தாங்கன்னா, அவங்க எழுதின பதிலையும் நாங்க எடுத்துக்க முடியாது. ஆரம்பத்துலேர்ந்து எழுதினது எல்லாமே. எடை வேற நின்னுருக்கு. ஏதாவது சாப்பிட்டதை மறைக்கணும்னு தோணிச்சா? சொல்லுங்க."

ஆராய்ச்சிப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நம்பியவள் அவள்தானே.

மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆமா மேடம்" என்றாள். "நான்தான் மாத்தினேன். சாப்பிட்டுட்டேன். பயமா இருந்துச்சு."

ஒரு பொய்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத பெண். அதை அவ்வளவு சுத்தமாகச் சொன்னாள். வீட்டு விஷயம் வாசலைத் தாண்டக் கூடாது, பெரியவர்கள் தலை குனியக் கூடாது என்று நான் ஊட்டி வளர்த்தது அத்தனையும் சரியான நேரத்தில் வெளியே வந்தது. யாராவது தன்னை நம்ப மாட்டார்களா என்று தவித்தவள், கிடைத்த ஒரே இடத்தையும் எங்களுக்காகத் தூக்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வாயைத் திறக்கப் பார்த்தேன். 

பக்கத்து நாற்காலி நகர்ந்தது. இவர் எழுந்து நின்றார். கோர்ட்டில் சாட்சி சொல்லப் போனால் நிற்பாரே, கை இரண்டும் தொடையோடு ஒட்டி, அப்படி.

"பொண்ணு சொல்றது பொய். அது என்னோடது."

"அப்பா, உக்காருங்க."

"நான் மாத்தினேன். அவளுக்குத் தெரியாது. அவ குடுத்த குப்பியை எடுத்துட்டு என்னோடதை வச்சேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் ஐயா?"

அவர் இவ்வளவு நேரம் தயாராகி எழுந்ததெல்லாம் யார் மாற்றியது என்ற முதல் கேள்விக்குத்தான் என்று நினைக்கிறேன். இரண்டாவது கேள்வியை எதிர்பார்க்கவில்லை. சட்டைப் பையைத் தடவினார். அங்கே ஒன்றும் இல்லை. "பாக்கெட்டுல மிட்டாய்க் காகிதம் இருந்துச்சு" என்றார். அவர் குரல் அவ்வளவு மெல்லியதாக வந்து நான் கேட்டதில்லை. "நிறைய இருந்துச்சு. அதான், சாப்பிடறான்னு..."

மகள் இப்போதுதான் திரும்பினாள். கோபம் வரும் என்று நினைத்தேன். முகத்தில் அது இல்லை. அந்த மாணவன் சிரித்த அன்று வந்து உட்கார்ந்தாளே, அதே முகம்.

"ஓட்ட வர்றவங்களுக்குக் குடுக்கிறதுப்பா. முதல் நாள் ஸ்டியரிங் பிடிச்சா கை நடுங்கும். வாயில ஒரு மிட்டாய் போட்டுக்கிட்டா நடுக்கம் குறையும். காகிதத்தைக் கார்ல போட்டா முதலாளி கத்துவார். வாங்கி என் பாக்கெட்ல வச்சுப்பேன்." பையின் வாரைக் கையிலிருந்து விட்டாள். "கேட்டிருக்கலாமேப்பா. அம்மா, நீயாவது கேட்டிருக்கலாமே."

அவர் நின்றுகொண்டே இருந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. 

கடைசியில் டாக்டர்தான் பேசினார். எடை நின்றுபோவது நிறையப் பேருக்கு நடப்பதுதான், உடம்பு குறைந்த எடைக்குப் பழகிக்கொள்ளும்போது அப்படி ஆகும், அதற்காக யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை என்றார். நடந்ததை நடந்தபடி எழுதி ஆராய்ச்சிக் குழுவுக்கு அனுப்புவதாகவும், புது மாதிரி ஒன்று தர வேண்டும் என்றும் சொன்னார்.

"என் பதிலெல்லாம்?" என்று மகள் கேட்டாள். அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

"குழு முடிவு பண்ணணும்மா. நான் நம்புறேன்னு எழுதுவேன்."

"நானும்" என்றாள் ஆராய்ச்சிப் பெண்.

கிளம்பும்போது இவர் கதவருகே நின்று தொண்டையைச் செருமினார். அவரால் அடக்க முடியவில்லை. இத்தனை வருடம் அளந்து சாப்பிட்ட வயிறு அல்லவா? "என்னோடது... எப்படி இருந்துச்சு?" என்றார்.

ஆராய்ச்சிப் பெண் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். "பாக்டீரியா வகைகள் கொஞ்சம் கம்மியா இருந்துச்சு ஐயா" என்றாள் அவள். "ஒரே மாதிரி சாப்பிடறவங்களுக்கு அப்படி இருக்கலாம். ஆபரேஷனுக்கு அப்புறம் உங்க பொண்ணுக்குத்தான் அதிகம்."

திரும்பி வரும்போதும் மகள்தான் ஓட்டினாள். ஒரு சிக்னலில் மகளுடைய தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கையை நீட்டினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு அது அழுகையாகவும் மாறியது. வண்டி மட்டும் ஆடவில்லை.

புது மாதிரி கொடுக்க வேண்டிய நாள் காலையில் அவளுக்கு ஒரு புது ஆள், முதல் வகுப்பு. குப்பியைப் பெட்டியில் வைத்து மூடினாள். பிறகு அகலமான டேப்பை எடுத்து மூடியைச் சுற்றி நீளவாக்கில் ஒரு சுற்று, குறுக்குவாக்கில் ஒரு சுற்று ஒட்டினாள். பேனாவை எடுத்து, டேப்பிலும் பெட்டியிலும் பாதிப்பாதி விழும்படி நாலு பக்கமும் கையெழுத்துப் போட்டாள். அப்படிப் போட்டால் பிரித்துத் திரும்ப ஒட்டினால் கோடு சேராது. சின்ன வயதில் இவரோடு ஜீப்பில் போய்ப் பார்த்திருக்கிறாள், காகித முத்திரை எப்படி வைப்பதென்று.

போட்டு முடித்துப் பெட்டியை இவரிடமே நீட்டினாள். "அப்பா, குடுத்துட்டு வந்துடுங்க."

இவர் வாங்கினார். கை பழக்கம் விடவில்லை. பெட்டியைத் திருப்பித் திருப்பி, நாலு கையெழுத்தையும் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். எத்தனையோ கடைக்காரர்கள் அவர் எதிரில் கையைப் பிசைந்துகொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு நினைவிருக்கிறது. இப்போது அந்த முகம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தது.

"சரியா இருக்கு" என்றார்.

வாசல் கேட்டைத் திறக்கும்போது எதிரே நாத்தனார். காரில் மகள் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, காலையிலயே எங்க? அதே பெட்டி! இன்னிக்காவது சொல்லுங்க, அதுல என்னதான் இருக்கு?"

நான் 'மருந்து' என்று சொல்ல வாயெடுத்தேன். இவர் எனக்கு முன்னால் ஓரடி எடுத்து வைத்தார்.

"பொண்ணோட மலம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன்" என்றார். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. "பித்தப்பையில கல்லு எதுவும் இல்ல. உடம்பு குறைய ஆபரேஷன். அவ சொல்றேன்னுதான் சொன்னா. நாங்கதான் விடல."

நாத்தனாருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகப் பேச்சு நின்றது. பெட்டியைப் பார்த்தாள், ஓரடி பின்னால் போனாள். மகள் கார் கண்ணாடியை இறக்கி, "ஐஸ்கிரீம் இல்ல அத்தை" என்றாள்.

பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி இவர் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார், வழக்கம்போல முதுகு வளையாமல். நான் அவரைப் பார்த்திருக்க வேண்டும். மகளையாவது பார்த்திருக்க வேண்டும். என் கண் அப்போதும் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குத்தான் போனது, திறந்திருக்கிறதா என்று.